பொங்கலுக்குக் கபடி வைக்கலாமா, தள்ளிப்போடலாமா?

06.10.2020 (கேள்வி)

அண்ணே, வணக்கம். எங்க ஊர்ல வருசா வருசம் பொங்கலுக்கு ரெண்டு நாள் மின்னொளி கபடி நடக்கும், உங்களுக்கே தெரியும். கேலரிக்காரர், லைட் செட்டுக்காரர் ரெண்டு பேரும் இப்பவே அட்வான்ஸ் கேக்குறாங்க. கொரோனா ஊரடங்கைத் தளர்த்தி, செப்டம்பர் 21-லேர்ந்து விளையாட்டு நிகழ்ச்சிக்கு நூறு பேர் வரைக்கும் கூடலாம்னு மத்திய அரசே சொல்லிடுச்சு. பக்கத்து ஊர்ல நோட்டீஸ் அடிச்சாச்சு. திறந்தவெளி, மண் களம், ஆடுறதெல்லாம் இருபது வயசுப் பசங்க. இவங்களுக்கு என்ன ஆகிடப்போகுது? வைக்கலாம்ங்கிறதுதான் என் கட்சி. பதினாலு வருசமா அம்பயரா நிக்கிறீங்க, நீங்க சொல்லுங்க.

06.10.2020, இரவு

முதலில் அந்த நூறு பேரை எண்ணிப் பார், தம்பி. டீமுக்கு 12 பேர். எட்டு டீம் வந்தால் 96. நடுவர் ஒருவர், அம்பயர் இரண்டு பேர், ஸ்கோர் எழுத ஒருவர், அவருக்கு உதவி இரண்டு பேர். மொத்தம் 102. மைக் செட்டுக்காரர் ஊருக்குள் வருவதற்கு முன்பே உன் கணக்கு தாண்டிவிட்டது. உங்கள் ஊர் என்றைக்கு எட்டு டீமோடு நின்றது? போன பொங்கலுக்கு 32 டீம். ஆட்டக்காரர்கள் மட்டும் 384 பேர், ஆட்டங்கள் 31.

இன்னொன்று. நூறு என்பது மத்திய அரசு வைத்த மேல் வரம்பு. அக்டோபர் 15-க்குப் பிறகு அதைத் தளர்த்துவதா வேண்டாமா என்பது மாநிலத்தின் கையில். ஸ்டேஷனில் கேட்காமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

09.10.2020

திறந்தவெளி என்று நீ சொன்னதை நான் தள்ளவில்லை. மூடிய கூடத்தில் மேட் போட்டு ஆடுவதற்கும், வயற்காட்டுக் காற்றில் மண்ணில் ஆடுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒரு ரைடு, அதாவது ஒருவன் எதிரணிக் களத்துக்குள் போய்த் திரும்புவது, 30 நொடி. தொட்டுப் பிடிக்கும் நேரம் அதிலும் சில நொடிதான். ஆடுகிறவர்களுக்குள் பெரிதாகப் பரவாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பயமெல்லாம் பார்க்க வரும் கூட்டத்தை நினைத்துத்தான்.

பிப்ரவரி 19 அன்று மிலானில் நடந்த அட்டலாண்டா–வலென்சியா கால்பந்து ஆட்டத்துக்கு பெர்கமோவிலிருந்து நாற்பதாயிரம் பேர் போனார்கள். பேருந்திலும் ரயிலிலும் போய், கட்டிப்பிடித்துக் கொண்டாடித் திரும்பினார்கள். அடுத்த மாதம் அந்த ஊர்ச் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் வரிசையாக ஏற்றிப் போனதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். எல்லாம் அந்த ஓர் ஆட்டத்தால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆட்டம் நடந்த அன்று யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது உண்மை.

ஆகவே: கூட்டம் வேண்டாம், உள்ளூர் டீம் இரண்டு மூன்று ஆடிக்கொள்ளட்டும். இதுதான் இப்போதைக்கு என் கருத்து.

11.10.2020

இல்லை. முந்தாநாள் எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நேற்று பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நான் முன்னாள் ரைடர். எனக்கே இது தோன்றவில்லை என்பதில் வருத்தம்.

நம் ஆட்டத்தில் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டுதானே போகவேண்டும்! எதிரணிக் களத்தில் கால் வைக்கும் முன் பாட்டு தொடங்க வேண்டும், திரும்பி வரும்வரை மூச்சு விடாமல், அம்பயர் காதில் விழும்படி. காதில் விழவில்லை என்றால் நானே விசில் ஊதிக் கூப்பிட்டுவிடுவேன். ஓட்டப்பந்தயக்காரன் மூச்சு வாங்குவான், கால்பந்துக்காரன் எப்போதாவது கத்துவான். ஏழு பேர் முகத்துக்கு நேரே, குனிந்து, 30 நொடி சத்தமாகப் பாடிக்கொண்டே ஆடும் ஆட்டம் எது இருக்கிறது? பிடி விழுந்தால் நான்கு பேர் அவன் மேல். முகத்தோடு முகம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் என்ற இடத்தில் மார்ச் 10 அன்று ஒரு பாட்டுக் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அறிகுறியோடு வந்தவர் ஒரே ஒருவர். 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். அது மூடிய கூடம், நம்முடையது வெளி. ஆனால் சத்தமாகப் பாடுவது சும்மா மூச்சு விடுவது போல இல்லை என்பது நமக்கும் பொருந்தும். முகக்கவசம் போட்டுப் பாடலாம் என்று யாராவது சொன்னால், ஒரு ரைடு போய்க் காட்டச் சொல்.

24.10.2020

"சடுகுடுவை விட்டுட்டு வாலிபால் வச்சுக்கலாமாண்ணே" என்று கேட்டிருக்கிறாய். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கலாம், நல்ல யோசனைதான். உங்கள் ஊரில் வாலிபாலுக்கு யார் வருவார்கள் என்பதை நீயே யோசி.

ஜூன் மாதம் ஃப்ளோரிடாவில் நடந்த ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டம் பற்றிய அறிக்கை இந்த மாதம் வெளிவந்திருக்கிறது. பொழுதுபோக்குக்கு ஆடிய ஆட்டம், 22 பேர். அவர்களில் 14 பேருக்கும் மைதான ஊழியர் ஒருவருக்கும் நோய் வந்தது. தென்கொரியாவின் சோனானில் பன்னிரண்டு உடற்பயிற்சிக் கூடங்களில் நடந்த நடன வகுப்புகளிலிருந்து 112 பேர். எல்லாம் மூடிய இடம். இதிலிருந்து எனக்குத் தெரிவது: நம் ஆட்டம் களத்தில் 40 நிமிடம் என்றால், களத்துக்கு வெளியே எத்தனை மணி நேரம்? டாடா ஏஸில் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நாற்பது கிலோமீட்டர். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து எல்லோருக்கும் ஒரே தூக்கம். காலையில் பந்தி. ஒரே சொம்பில் தண்ணீர். மண் களத்தை மட்டுமே நாம் பார்க்கிறோம்.

15.11.2020

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பழைய டீம் பையன்களிடம் பேசினேன். இதுவரை ஒரு பக்கமாகவே எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

சப்-ஜூனியருக்கு 16 வயது வரைதான். ஆண்களுக்கு எடை 55 கிலோவுக்குள். மார்ச்சில் 15 முடிந்து 16 நடந்துகொண்டிருந்த பையன் அடுத்த சீசனில் ஜூனியருக்குப் போய்விடுவான். அங்கே 20 வயதுக்காரனோடு, 70 கிலோவோடு மோத வேண்டும். இரண்டு சீசன் போனால் அவனை எந்தத் தேர்வாளரும் பார்த்திருக்கவே மாட்டார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, போலீஸ் வேலை எல்லாம் சான்றிதழை வைத்துத்தான். சான்றிதழுக்குப் போட்டி நடக்க வேண்டும்.

பெண்கள் டீமில் கார்னரில் நின்ற பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்துவிட்டது. போட்டி நடந்திருந்தால் அவள் அப்பா இன்னும் ஒரு வருடம் பொறுத்திருப்பார் என்று அவளே என்னிடம் சொன்னாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"உயிர் முக்கியமா, ஆட்டம் முக்கியமா" என்று யாரும் என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பையன்களுக்கு ஆட்டமும் பிழைப்புதான்.

06.12.2020

புரெவிப் புயல் மழையில் களம் குளமாகக் கிடக்கிறது. தவளைகள் ரைடு போகின்றன. செம்மண் அடிக்க லாரி வேண்டும். தேதி முடிவாகாமல் மண் அடிப்பதில்லை என்று எங்கள் கமிட்டியில் சொல்லிவிட்டோம்.

24.12.2020

ஜல்லிக்கட்டுக்கு நேற்று அனுமதி வந்ததும் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். "அதுக்குக் கொடுத்தா நமக்கு ஏன் இல்ல?" அந்த அறிவிப்பில் உள்ளதைப் படியுங்கள். வீரர்கள் 300 பேருக்கு மேல் கூடாது, எருது விடும் விழா என்றால் 150. கொரோனா இல்லை என்ற சான்று வேண்டும். பார்வையாளர் பாதி.

ஜல்லிக்கட்டில் மாடுபிடி வீரனை மருத்துவர் சோதித்து, எண் போட்ட சட்டை கொடுத்து, வாடிவாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்கள். கலெக்டர் வந்து உட்காருகிறார். ஒருவனைத் தடுக்க வேண்டுமென்றால் தடுக்க ஆள் இருக்கிறது. நம் கபடியில் காய்ச்சலோடு வந்த ரைடரை யார் தடுப்பது? அவன் டீமா? நுழைவுக் கட்டணம் வாங்கிய கமிட்டியா? விசில் வைத்திருக்கும் நானா? "இன்னைக்கு நிறுத்துறோம்" என்று சொல்லும் ஆள் யார் என்று நோட்டீஸில் எங்காவது அச்சடித்திருக்கிறோமா? தலைமை, முன்னிலை, வரவேற்புரை எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது.

அக்டோபரில் நீ கேட்டது எப்போது தொடங்கலாம் என்று. யார் நிறுத்தலாம் என்ற கேள்வி அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிகிறது.

17.01.2021

பொங்கலுக்கு இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து முளைத்துக் கிடக்கிறது. பக்கத்து ஊர் போட்டியும் நடக்கவில்லை. வைரஸுக்காகத் தள்ளிப்போடச் சொன்னபோது எங்களோடு சண்டை போட்டவர்கள், மழை என்றதும் ஒரு வார்த்தை பேசவில்லை. மழையைக் கண்ணால் பார்க்கலாம்.

19.02.2021

சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு முதல் டெஸ்ட்டை ஆளில்லாமல் ஆடினார்கள். 13-ஆம் தேதி தொடங்கிய இரண்டாவது டெஸ்ட்டுக்குப் பாதிக் கூட்டம் விட்டார்கள். தமிழ்நாட்டின் தினசரி எண்ணிக்கை ஐநூறுக்குக் கீழே வந்துவிட்டது. ஜூலையில் ஏழாயிரத்தை நெருங்கியது நினைவிருக்கும். ஊர் மூச்சு விட்டிருக்கிறது. நானும்தான்.

27, 28 இரண்டு நாளும் எட்டு டீம் வைக்கிறோம். பகலில். கேலரி இல்லை. சாப்பாட்டுப் பொட்டலம். தங்கல் கிடையாது, இருபது கிலோமீட்டருக்குள் உள்ள டீம்கள் மட்டும். நிறுத்தும் உரிமை ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவருக்கு, எழுதியே கொடுத்துவிட்டோம்.

01.03.2021

நன்றாக நடந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. பதினொரு மாதம் கழித்து அந்தப் பாட்டைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

22.03.2021

சனி, ஞாயிறு பக்கத்து ஊரில் 16 டீம். இரவு ஆட்டம். அம்பயராகப் போனேன். நாம் பிப்ரவரியில் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுகூட அங்கே இல்லை. கேட்டால் ஒரே பதில்: "கட்சிக் கூட்டத்துக்கு லாரி லாரியா ஆள் வராங்க, கபடிக்கு மட்டும் கொரோனா வருமா?" தேர்தல் நேரத்தில் இதற்குப் பதில் சொல்ல என்னாலும் முடியவில்லை. அங்கே ஒரு தவறு நடப்பது இங்கே அதைச் சரியாக்கிவிடாது என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினேன்.

மாநிலத்தில் தினசரி எண்ணிக்கை மறுபடி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

23.05.2021

இரண்டு மாதமாக எழுதவில்லை.

அந்த 16 டீம் போட்டியில் ஸ்கோர் எழுதியவர் ஏப்ரலில் இறந்துவிட்டார். 58 வயது, சர்க்கரை உண்டு. பெயர் எழுத மனம் வரவில்லை, நம் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கு யாரென்று தெரியும். முத்து முத்தாக எழுதுவார். ஒரு டீம் முழுவதும் அவுட்டாகி லோனா விழுந்தால் சிவப்பு மையில் அடிக்கோடு. இரவெல்லாம் அந்த மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டார். மேசை களத்து ஓரத்து லாபிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். வெளியேறிய ஆட்டக்காரர்கள் எல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் தலைக்கு மேல்தான் நிற்பார்கள், பாயிண்ட் கேட்டுக் கத்துவார்கள்.

அங்கேதான் தொற்றியது என்று நான் சொல்லவில்லை. போட்டி முடிந்து பத்து நாளுக்குப் பிறகுதான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இடையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார், பேங்க்குக்குப் போயிருக்கிறார். எங்கே என்பது யாருக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. எண்ணிக்கை ஏறுகிறது என்று தெரிந்தே நான் போனேன். நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவரும் ஒருவேளை வந்திருக்க மாட்டார். இது என் மனத்தில் கிடக்கிறது.

அக்டோபரில் "ஆடுறதெல்லாம் இருபது வயசுப் பசங்க" என்று நீ எழுதியதற்கு நான் பதிலே சொல்லாமல் விட்டிருக்கிறேன். இப்போது சொல்கிறேன். ஆடுகிறவன் இருபது. எழுதுகிறவர் 58. சோறு ஆக்குகிற அக்காவுக்கு 60. அவன் ஜெர்சியைத் துவைக்கும் அவன் ஆத்தாவுக்கு 70.

நேற்று முன்தினம் மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேர். பாதுகாப்பு வளையத்துக்குள் ஆடிய ஐபிஎல் மே 4 அன்று நின்றுபோனது. யாரும் இப்போது தேதி கேட்காதீர்கள்.

26.07.2021

தமிழ்நாடு பிரீமியர் லீக் சேப்பாக்கத்தில் மட்டும், ஆளில்லாமல், போன வாரம் தொடங்கியிருக்கிறது. டிவி இருப்பவர்களுக்கு ஆளில்லாமல் ஆடினாலும் பணம் வரும். நம் போட்டிக்கு வரும் பணம் நுழைவுக் கட்டணமும் ஊர் வரியும் நன்கொடையும்தான். அவர்கள் தொடங்கிவிட்டார்கள் என்பதை நாம் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஏப்ரலில் நோய் வந்து தேறிய எங்கள் ரைடர் நேற்று பயிற்சிக்கு வந்தான். 22 வயது. ஒரே மூச்சில் பாதிக் களம் போனவன் பத்து நொடியில் பாட்டு அறுந்து நின்றான். அழுதான். குறைந்தது பத்து நாள் முழு ஓய்வு, அதில் கடைசி ஏழு நாள் அறிகுறியே இல்லாமல், அதன் பிறகு படிப்படியாக, என்றுதான் விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வருகிறது என்ற பயமும் உண்டு. இவன் மூன்று மாதம் கழித்தும் இப்படி. இசிஜி எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். போட்டித் தேதி வைக்கும்போது இதையும் பாருங்கள்: தேறி வந்தவனுக்கு மூச்சு திரும்ப எத்தனை வாரம்?

14.09.2021

ஞாயிற்றுக்கிழமை மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் ஊசி. எங்கள் பள்ளிக்கூடத்து முகாமில் கபடிப் பையன்கள்தான் வரிசையை ஒழுங்கு செய்தார்கள்.

இரண்டு ஊசி போட்டவன் மட்டும் ஆடட்டும் என்று வைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். 18-க்குக் கீழே இன்னும் ஊசியே இல்லை. சீனியருக்கு மட்டும் களம் திறந்து, வயது கடந்துகொண்டிருக்கும் பையன்களை மறுபடி வேலிக்கு வெளியே நிறுத்துவதா? எனக்கு ஒப்பவில்லை. ஆட்டக்காரனைவிட, மேசையில் உட்காருகிறவர், சமைக்கிறவர், கேலரியில் முன் வரிசைப் பெரியவர், இவர்களுக்கு ஊசி போட்டாகிவிட்டதா என்று முதலில் பார்ப்போம்.

28.11.2021

பணத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நான் பேசிவிடுகிறேன். போன மார்ச் போட்டியை அந்த ஊர்க்காரர்கள் நிறுத்தாததற்குக் காரணம் கட்சிக் கூட்டம் இல்லை. 16 டீமிடம் கட்டணம் வாங்கியாகிவிட்டது. நோட்டீஸ், லைட், கேலரி, கோப்பை எல்லாவற்றுக்கும் கொடுத்தாகிவிட்டது. நிறுத்தினால் கமிட்டிக்காரர் தன் கைக்காசில் திருப்பித் தரவேண்டும். அவரும் கூலி வேலைக்காரர்தான், அவர் எப்படி நிறுத்துவார்?

இந்த முறை எங்கள் கமிட்டியில் இப்படி முடிவு செய்திருக்கிறோம். கட்டணத்தை ஆட்டத்தன்று களத்தில்தான் வாங்குவோம். கோப்பையில் தேதி பொறிக்க மாட்டோம், வருடம் மட்டும். லைட் செட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசினோம். அவருக்கும் இரண்டு வருடமாகத் திருவிழா இல்லை, ஜெனரேட்டரை விற்றுவிட்டார். போட்டி நின்றால் அட்வான்ஸில் பாதி அவருக்கு, பாதி அடுத்த தேதிக்கு வரவு என்று ஒத்துக்கொண்டார். நிறுத்தினால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால்தான் வாத்தியாருக்கு "நிறுத்து" என்று சொல்ல வாய் வரும்.

11.01.2022

நின்றுவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு. அலங்காநல்லூரையே 16-ஆம் தேதி ஞாயிறு என்பதால் 17-க்கு மாற்றிவிட்டார்கள். இரவெல்லாம் ஆடும் மின்னொளிக்கு வழியே இல்லை. பெங்களூரில் புரோ கபடியையே ஆளில்லாமல்தான் ஆடுகிறார்கள்.

வாத்தியார் 6-ஆம் தேதியே போன் செய்து "வேணாம்பா" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. லைட் செட்டுக்காரருக்குப் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

14.02.2022

ஒரு திருத்தம். செப்டம்பரில் "18-க்குக் கீழே ஊசி இல்லை" என்று எழுதியிருந்தேன். ஜனவரி 3 முதல் 15 வயதுக்கு மேல் போடுகிறார்கள். எங்கள் பள்ளிப் பையன்கள் போட்டாயிற்று. தேதி யோசிக்கலாம்.

02.05.2022

நேற்றும் முந்தாநாளும் 16 டீம். மின்னொளி. நடந்தது.

ஊசி, எண்ணிக்கை எல்லாம் பார்த்துத்தான் வைத்தோம். இந்த முறை அரசு உத்தரவில் தடை எதுவும் இல்லை. இருந்தாலும் வாத்தியார் இரண்டு நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மாலை ஒரு டீமில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றதும் அந்த டீமையே திருப்பி அனுப்பினார். கட்டணம் வாங்காததால் சண்டை வரவில்லை. டீசல் காசு கமிட்டியில் கொடுத்தோம். எதிர் டீம் ஆடாமல் அடுத்த சுற்றுக்குப் போனது. கூட்டத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

அந்த ரைடர் ஆடினான். முழுதாகத் தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் முப்பது நொடியும் இழுப்பவன், இப்போது பதினெட்டு, இருபது நொடியில் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறான். மூச்சு குறைந்ததும் வேகத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறான். அரையிறுதியில் ஒரே ரைடில் மூன்று பேர். நடுக்கோட்டில் நின்ற எனக்கு அவன் பாட்டு கடைசிவரை தெளிவாகக் கேட்டது.

05.05.2022

தம்பி கேட்டதற்கு: ஆமாம், ஸ்கோர் மேசையைக் களத்திலிருந்து பதினைந்து அடி தள்ளிக் காற்று வரும் பக்கமாகத்தான் போட்டோம். பக்கத்தில் யாரும் நிற்காமல் கயிறு கட்டினோம். இனி எப்போதும் அப்படித்தான். எழுதும் பையன், அங்கிருந்து போனஸ் கோடு சரியாகத் தெரியவில்லை என்கிறான். அடுத்த முறை மேசைக்குக் கீழே இரண்டு பலகை கொடுத்து உயர்த்த வேண்டும். உங்கள் ஊரில் பழைய கேலரிப் பலகை கிடந்தால் சொல், ஏஸ் அனுப்புகிறேன்.